அந்தப் போன் யாருடையது?

2020 ஏப்ரல் 2ஆம் தேதி ஆரோக்கிய சேது செயலி வெளியானது. போனில் ஏற்றித் திறந்தால் முதலில் மொபைல் எண்ணைக் கேட்கும். அந்த எண்ணுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டதும் பெயர், வயது, பாலினம், தொழில், கடந்த 30 நாட்களில் போய்வந்த வெளிநாடுகள் என்று கேள்விகள் வரிசையாக வரும். புளூடூத்தையும் ஜிபிஎஸ்ஸையும் எந்நேரமும் ஆன் செய்தே வைத்திருக்க வேண்டும். 13 நாட்களில் 5 கோடி, 40 நாட்களில் 10 கோடி என்று கணக்கு ஏறியது. பத்துக் கோடிப் பேர் என்றே எல்லோரும் பேசினோம். உண்மையில் செயலி ஏறியது பத்துக் கோடிப் போன்களில். போனையும் ஆளையும் ஒன்றாக எண்ணுகிற இந்தப் பழக்கம் நம் பேச்சில் மட்டும் இருக்கவில்லை. செயலியின் அடித்தளமே அதுதான்.

அது வேலை செய்த விதம் இதுதான். இரண்டு போன்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் புளூடூத் வழியாக ஒன்றையொன்று அடையாளம் கண்டு குறித்துக்கொள்ளும். எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் செயலி கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பதிந்துவைக்கும். உங்களுக்குத் தொற்று என்று பரிசோதனைக்கூடம் சொல்லிவிட்டால், போனில் சேர்ந்திருக்கும் இந்தக் குறிப்புகள் அரசின் சர்வருக்குப் போகும். உங்கள் அருகில் இருந்தவர்களின் போன்களில் நிறம் மாறும். நடுவில் சுவர் இருந்ததா, ஜன்னல் திறந்திருந்ததா, முகக்கவசம் போட்டிருந்தார்களா என்பதெல்லாம் புளூடூத்துக்குத் தெரியாது. ஆனாலும் உலகம் முழுக்க அன்றைக்கு நம்பிக்கை இருந்தது. மக்கள்தொகையில் சுமார் 60 விழுக்காட்டினர் பயன்படுத்தினால் தொற்றையே நிறுத்திவிடலாம், குறைவானவர்கள் பயன்படுத்தினாலும் பயன் உண்டு என்று 2020 ஏப்ரலில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சொன்னார்கள். முதல் பாதி மட்டும் எல்லா நாட்டுத் தலைப்புச் செய்திகளிலும் வந்தது. அதன்பின் அரசுகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரே கேள்விதான்: மக்கள் இதை ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஏற்க மறுக்கிறார்கள்? அரசின் மீதான நம்பிக்கை, அந்தரங்கம் பற்றிய கவலை, பயன்படுத்த எளிதா கடினமா என்று அளவுகோல்கள் வைத்து ஏராளமான கருத்துக்கணிப்புகள் நடந்தன. அவற்றில் பலவும் இணையத்தில் நடந்தவை. ஸ்மார்ட்போன் கையில் இருப்பவரிடம்தான் அந்தக் கேள்வியே போய்ச் சேர்ந்தது.

நம் ஊரில் அது யார் கை? மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் மொபைல் இணையம் பயன்படுத்திய ஆண்கள் 42 விழுக்காடு, பெண்கள் 21 விழுக்காடு. சரியாகப் பாதி. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தான் பயன்படுத்தும் போன் தன்னிடம் இருப்பதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுவதற்கும் சேர்த்து 54 விழுக்காடு. வாழ்நாளில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒருவர். அந்த ஆய்வில் கேள்வி கேட்கப்பட்ட விதம் எனக்குப் பிடித்தது. வீட்டில் போன் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, நீங்களே பயன்படுத்தும் போன் உங்களிடம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. இந்த வேறுபாடு குடும்பநல ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. செயலியை வடிவமைத்தவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை.

ஒரு எண்ணுக்கு ஒரு ஆள் என்பது செயலியின் கணக்கு. ஊரடங்கில் ஒரு சாதாரண வீட்டை நினைத்துப் பாருங்கள். ஸ்மார்ட்போன் ஒன்று. அதன் சிம் கணவர் பெயரில். அவர் வெளியே போனால் போனும் போகும். வீட்டில் இருந்தால் காலையில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு. ரேஷன் கடை வரிசையில் நிற்பவளும், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு முண்டியடிப்பவளும், ஆஸ்பத்திரிக்கு மாமியாரை அழைத்துப் போகிறவளும் வீட்டுப் பெண். நெருக்கடியான இடங்களுக்கெல்லாம் அவள் போனாள், போன் இல்லாமல். செயலியின் பதிவில் அந்த வரிசைகள் நடக்கவே இல்லை. கணவரின் போன் கூடத்து அலமாரியில் பச்சை நிறத்தில் பத்திரமாக இருந்தது.

பெண்கள் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புகள் மீண்டும் நேரில் தொடங்கியபோது, உங்கள் வீட்டுப் பெண்கள் அந்தச் செயலியை என்ன செய்தார்கள் என்று மாணவிகளிடம் கேட்டேன். அம்மாவுக்கு ஓடிபி என்றாலே பயம், பேங்க் பணம் போய்விடும் என்பார் என்றாள் ஒருத்தி. போனில் இடமில்லாததால் தம்பியின் பிறந்தநாள் படங்களை அழித்துவிட்டு ஏற்றியதாக ஒருத்தி. இரண்டு நாளில் சார்ஜ் நிற்கவில்லை என்று அப்பா எடுத்துவிட்டாராம். பேசாமலே உட்கார்ந்திருந்த ஒரு மாணவி கடைசியில் சொன்னாள்: "லொக்கேஷனை ஆன்லயே வெச்சா அண்ணனுக்குத் தெரிஞ்சிடும் மேம்." வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தரங்கம் என்றதும் தில்லி சர்வரைப் பற்றித்தான் வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் பேசினார்கள். அது தேவையான பேச்சுதான். ஆனால் போனின் பூட்டு எண்ணைக்கூட வீட்டில் எல்லோரும் அறிந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, தன் நடமாட்டத்தை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு முதல் விடை அரசு அல்ல. அதே ஏப்ரல் மாதம் 10ஆம் தேதி, குடும்ப வன்முறைப் புகார்களுக்காகத் தேசிய மகளிர் ஆணையம் ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவித்தது. வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணால் வாய்விட்டுப் பேசிப் புகார் சொல்ல முடியாது என்பது ஆணையத்துக்குப் புரிந்திருந்தது. அந்த வாட்ஸ்அப்பும் எந்தப் போனில் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

பிறகு கட்டாயம் வந்தது. ஏப்ரல் 29இல் மத்திய அரசு ஊழியர்கள் எல்லோரும் செயலியை ஏற்ற வேண்டும் என்று ஆணை. மே 1இல் அரசு, தனியார் என எல்லா ஊழியர்களுக்கும் கட்டாயம் என்றது உள்துறை அமைச்சகம். கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் நூற்றுக்கு நூறு பேரும் வைத்திருக்க வேண்டும். தில்லியை ஒட்டிய நொய்டாவில் ஸ்மார்ட்போன் இருந்தும் செயலி இல்லாவிட்டால் இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவில் வழக்கு என்று காவல்துறை அறிவித்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் வரைவைத் தயாரித்த குழுவின் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா, இந்தக் கட்டாயத்துக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மே 17இல் வார்த்தை தளர்ந்தது: 'இயன்ற அளவு'.

ஆணை தளர்ந்ததே தவிர, அடுக்ககங்களின் வாசல்கள் தளரவில்லை. வீட்டு வேலைக்கு வருபவர்கள் செயலியைக் காட்டினால்தான் உள்ளே வரலாம் என்று பல நகரங்களில் குடியிருப்போர் சங்கங்கள் விதி போட்டன. நான் அப்போது குடியிருந்த அடுக்ககத்திலும் இது நடந்தது. வாட்ச்மேன் அண்ணன் கேட்டில் நின்று ஒவ்வொருவரின் போனையும் பார்ப்பார். பச்சை என்றால் உள்ளே. ஸ்மார்ட்போன் இல்லாத ஒரு அக்கா பன்னிரண்டாவது படிக்கும் மகனின் போனைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, அதை வாங்கிப்போக மகனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பார். வாட்ச்மேனுக்கும் தெரியும். அந்தப் பச்சை நிறம் மகன் யார் யாரோடு இருந்தான் என்பதைச் சொன்னதே தவிர, நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் அவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. விதி நிறைவேறியது. இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் போன்களில் என்ன நிறம் என்று அவரிடம் யாரும் காட்டவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் விமானத்தில் வந்திறங்கியவர்கள் அந்த நான்கு வீடுகளில்தான் இருந்தார்கள்.

ஒரு தரப்பை மட்டும் பரிசோதித்து மறுதரப்பைப் பாதுகாக்கும் இந்த முறை மிகப் பழையது. 1864இல் கன்டோன்மென்ட் சட்டம், 1868இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம். பெயர் பொதுவாக இருக்கிறதே தவிர, இந்த இரண்டாவது சட்டம் குறிவைத்தது பால்வினை நோயையும் பாலியல் தொழில் செய்வதாகக் கருதப்பட்ட பெண்களையும். படைவீரர்களுக்கு நோய் வருகிறது. அவர்களுக்கு யாரிடமிருந்து வருகிறது? பெண்களிடமிருந்து. ஆகவே பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் எழுது, சீட்டுக் கொடு, குறித்த நாட்களில் வரவழைத்து உடலைப் பரிசோதி, நோய் இருந்தால் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைத்து வை. மதராஸ் மாகாணத்தில் இந்த ஆஸ்பத்திரிகள் சட்டத்துக்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே உண்டு. படைவீரனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவனை அப்படிப் பரிசோதிப்பது அவமானம் என்று ராணுவம் கருதியது.

பெண்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: ஓடினார்கள். பெயர் கொடுக்காமல் இருந்தார்கள், ஊர் மாறினார்கள், பரிசோதனை நாளில் காணாமல் போனார்கள். அதிகாரிகளின் ஆண்டறிக்கைகள் இதை ஒழுக்கக்கேடாகவும் அறியாமையாகவும் எழுதின. ஆனால் மதராஸில் ஒரு விசித்திரமான காலம் உண்டு. 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது பெண்கள் தாங்களாகவே லாக் ஆஸ்பத்திரிகளைத் தேடி வந்தார்கள். அங்கே சோறு கிடைத்தது. சோற்றுக்காகத் தங்களைப் பதிவு செய்துகொள்ளவும் பரிசோதனைக்கு உட்படவும் அவர்கள் தயாராக இருந்தார்கள். அரசை ஏமாற்றித் தின்கிறார்கள் என்று அதிகாரிகளுக்குக் கோபம். வரலாற்றாசிரியர் சாரா ஹாட்ஜஸ் இந்தப் பஞ்ச கால ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கொரோனா நாட்களில் எனக்கு அந்தப் பெண்களின் நினைவு அடிக்கடி வந்தது. நேற்று ஓடியவளும் இன்று வரிசையில் வந்து நிற்பவளும் ஒருத்தியாகவே இருந்திருக்கலாம். பெயரைக் கொடுத்தால் என்ன போகும், என்ன கிடைக்கும் என்று அவள் போட்ட கணக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லரும் அவரோடு சேர்ந்த பெண்களும் இதே வகைச் சட்டத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடி 1886இல் ஒழித்தார்கள். இந்தியச் சட்டம் 1888இல் போனது. படைத்தளங்களில் நடைமுறை மட்டும் வேறு பெயர்களில் தொடர்ந்தது என்பதை, 1890களின் தொடக்கத்தில் இங்கே வந்து நேரில் விசாரித்த இரண்டு அமெரிக்கப் பெண்கள், எலிசபெத் ஆண்ட்ரூவும் கேதரின் புஷ்னெலும், அம்பலப்படுத்தினார்கள்.

அடுத்தது பிளேக். 1896இல் பம்பாயில் தொடங்கியது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் அவசரமாக நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட அந்தச் சிறிய சட்டத்தைத்தான் 2020 மார்ச்சில் நம் அரசுகள் தூசு தட்டி எடுத்தன. அதை மீறினால் தண்டனை 188ஆம் பிரிவின்கீழ் என்று சட்டமே சொன்னது. நொய்டா காவல்துறை கையில் எடுத்ததும் அதே பிரிவு. பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள், ரயில் நிலையங்களில் பெண்களின் உடலில் நெறிக்கட்டி தேடினார்கள். இதற்கு வந்த எதிர்ப்பு என்றால் பாடப்புத்தகம் சாபேகர் சகோதரர்கள் ராண்ட் என்ற அதிகாரியைச் சுட்டதைச் சொல்லும். வீட்டுப் பெண்களின் மானம் என்று ஆண்கள் கொதித்த கதை அது. அதே 1897இல் பண்டித ரமாபாய் 'பாம்பே கார்டியன்' பத்திரிகைக்கு எழுதிய கடிதம் பாடப்புத்தகத்தில் வருவதில்லை. பூனா பிளேக் ஆஸ்பத்திரியில் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்று அவர் எழுதினார். தொற்றைத் தடுக்க ஒரு பெண்ணை அழைத்துப் போகிறீர்கள், போன இடத்தில் அவளுக்கு யார் பொறுப்பு என்பது அவருடைய கேள்வி. விஷயம் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. அதற்குச் சில வாரங்கள் முன்னால், மார்ச் 10ஆம் தேதி, பிளேக் நோயாளிகளைப் பராமரித்துக்கொண்டிருந்த சாவித்திரிபாய் புலே அதே நோயில் இறந்திருந்தார். அவரும் அவர் மகன் யஷ்வந்தும் பூனாவுக்கு வெளியே மருத்துவமனை வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவிலிருந்து ஒரு சமையல்காரியையும் இங்கே சொல்ல வேண்டும். மேரி மாலன், 'டைஃபாய்டு மேரி' என்று கேலிப் பெயராகவே உலகுக்குத் தெரிந்தவர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து நியூயார்க் பணக்கார வீடுகளில் சமைத்தவர். டைஃபாய்டு வந்த குடும்பங்களின் சமையலறைகளைப் பின்தொடர்ந்து போய் ஜார்ஜ் சோப்பர் என்ற பொறியாளர் 1907இல் அவரைக் கண்டுபிடித்தார். தடமறிதலின் வெற்றிக் கதையாக இதைச் சொல்வார்கள். மேரிக்கு எந்த நோயும் இல்லை. கிருமியை மட்டும் சுமந்தார். தீவில் மூன்று ஆண்டுகள் அடைத்து வைத்துவிட்டு, இனி சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையில் 1910இல் விட்டார்கள். துணி துவைக்கும் வேலைக்குப் போனார். கூலி குறைவு. வேறு பெயரில் மீண்டும் சமைக்கப் போனார். 1915இல் பிடித்துக்கொண்டுபோய், 1938இல் சாகும்வரை அதே தீவில் வைத்தார்கள். கிருமியைச் சுமந்தவர்கள் நியூயார்க்கில் நூற்றுக்கணக்கில் பின்னர் அறியப்பட்டார்கள். அவர்களில் யாருக்கும் இந்த அளவு சிறை இல்லை. மேரியின் பிடிவாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், சமையல் கூலிக்கு ஈடாக அவருக்கு என்ன கொடுத்திருக்கலாம் என்று அதிகம் கேட்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 33பி என்ற விதி வந்தது. இரண்டு நோயாளிகள் ஒருவரின் பெயரைச் சொன்னால் அவரைக் கட்டாயப் பரிசோதனைக்கு அழைக்கலாம். எழுத்தில் ஆண் பெண் பேதம் இல்லை. அழைக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நோயாளியிடம் 'யாரோடு இருந்தாய்' என்று கேட்டுப் பெயர் வாங்கித் தேடிப்போகும் இன்றைய தடமறிதல் முறை, பெருமளவு இந்தப் பால்வினை நோய் வேலையில்தான் உருப்பெற்றது. கொரோனா செயலி அந்தக் கேள்வியை வாயிலிருந்து புளூடூத்துக்கு மாற்றியது.

இதையெல்லாம் வைத்து, செயலியும் லாக் ஆஸ்பத்திரியும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. கொரோனா உண்மையில் காற்றில் பரவிய நோய், தொடர்பில் இருந்தவரைக் கண்டுபிடித்துச் சொல்வது உண்மையில் உயிர் காக்கும் வேலை. நான் கேட்பது, சொன்ன பிறகு என்ன என்பதை. இங்கிலாந்தில் 2020 செப்டம்பரில் செயலி வந்தது. வேலைக்குப் போகாமல் தனிமையில் இருக்க வேண்டிய ஏழைகளுக்கு 500 பவுண்டு உதவித்தொகையும் அதே மாதம் அறிவிக்கப்பட்டது. சுகாதாரத் துறை ஊழியர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னால் அந்தப் பணம் உண்டு. செயலி சொல்லி வீட்டில் இருந்தால் டிசம்பர் வரை கிடையாது. கடையில் மணிக்கூலிக்கு நிற்கும் ஒருத்தி செயலியை அணைத்து வைத்தால் அது தொழில்நுட்ப அறியாமையா? தென்கொரியாவில் தொற்றாளர்களின் வயது, பாலினம், போன இடங்கள் எல்லாம் பொதுவில் வெளியிடப்பட்டன. யார் யாரோடு விடுதிக்குப் போனார் என்று இணையத்தில் கிசுகிசு பரவ, அந்நாட்டு மனித உரிமை ஆணையமே 2020 மார்ச்சில் கண்டிக்க வேண்டியதாயிற்று. மே மாதம் சியோலின் இடேவன் கேளிக்கை விடுதிகளில் தொற்று வெடித்தபோது, வந்தவர்களில் பலர் வெளியே அடையாளம் தெரியக்கூடாத நிலையில் இருந்த தற்பாலீர்ப்பாளர்கள். பெயர் வேண்டாம், போன் எண் போதும் என்று நகர நிர்வாகம் அறிவித்ததும் பரிசோதனைக்கு வருவோர் கூடினார்கள். நியூசிலாந்தில் அதே மாதம் ஒரு பெண், சாப்பாட்டுக் கடையில் தடமறிதலுக்காக எழுதிக் கொடுத்த எண்ணுக்கு அந்தக் கடை ஊழியரே செய்தி மேல் செய்தி அனுப்பினார். பூனா ஆஸ்பத்திரி பற்றி ரமாபாய் கேட்டது இங்கும் பொருந்தும்.

நம் ஊரில் செயலி சிவப்பானால் என்ன கிடைத்தது? ரேஷன் வீடு தேடி வருமா, கூலி உண்டா, பால் யார் வாங்கித் தருவார்கள் என்பதற்குச் செயலியில் பதில் இல்லை. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், தெருவைத் தகரத்தால் அடைப்பார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. சட்டப்படி தேவையில்லாத இடங்களில் அப்படி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் ஆகிவிட்டது.

இந்தியாவில் தடமறியும் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவை போன்கள் அல்ல, பெண்களின் கால்கள். நாடு முழுவதும் லட்சக்கணக்கான ஆஷா பணியாளர்கள், தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், நகரங்களில் காய்ச்சல் கணக்கெடுப்புக்கு எடுக்கப்பட்ட தற்காலிகப் பெண்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு தெர்மாமீட்டர். ஒரு வீட்டில் எத்தனை பேர், யார் கர்ப்பிணி, யாருக்குச் சர்க்கரை என்பது அந்த நோட்டில் இருந்தது. செயலியிடம் மறைத்ததை மக்கள் இவர்களிடம் சொன்னார்கள். எப்போதும் அல்ல. கதவைச் சாத்தியவர்களும், திட்டியவர்களும், கைவைத்தவர்களும் உண்டு. ஆனால் திறந்த வீடுகளில் பெண்களே பேசினார்கள், அடுப்படியில் இருந்தபடியே, தங்கள் பெயரில் பேசினார்கள். கேட்பவளிடம் திரும்பக் கேட்க முடிந்தது: மாத்திரை கிடைக்குமா, எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லாம டெஸ்ட் எடுக்கலாமா, என்னைக் கொண்டுபோயிட்டா கைக்குழந்தையை யாரு பார்ப்பா? சிலவற்றுக்கு அவளிடம் பதில் இருந்தது. இல்லாதபோதும் நாளைக்கு மறுபடி அவள்தான் வருவாள்.

இந்த வேலைக்குக் கொரோனா காலத்தில் ஆஷாக்களுக்குக் கூடுதலாக மாதம் 1000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதுவும் பல இடங்களில் நேரத்துக்கு வரவில்லை. அரசு ஊழியர்களாக அங்கீகரிக்க வேண்டும், பாதுகாப்புக் கவசம் வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் பல லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. விருது வந்தது, ஊழியர் என்ற அந்தஸ்து வரவில்லை. இடையில் இவர்கள் கையிலும் செயலிகள் திணிக்கப்பட்டன. 2021இல் மகாராஷ்டிராவில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பி ஒப்படைத்தார்கள். போன் சூடாகிறது, நினைவகம் போதவில்லை, விவரம் ஏற்ற வேண்டிய செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். செயலியின் பயன்பாட்டு எளிமை பற்றி நான் படித்த எந்த ஆய்வுக் கட்டுரையையும்விடத் தெளிவான மதிப்பீடு அது.

அரசு கற்றுக்கொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக 2020 மே மாதத்திலேயே 1921 என்ற எண் வந்தது. மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்துக் கேள்விகள் கேட்கும். 2021இல் தடுப்பூசிக்காக வந்த கோவின் தளத்தில் அப்போது ஒரே மொபைல் எண்ணில் நான்கு பேர் வரை பதிய முடிந்தது. குடும்பத்துக்கு ஒரு போன் என்ற உண்மையை அரசின் மென்பொருள் ஒன்று ஒப்புக்கொண்டதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனாலும் அந்த நான்கு பேரில் யார் முதலில் என்பதை வீடு முடிவு செய்தது. 2021 ஜூனில் நாடு தழுவிய கணக்கில் ஊசி போட்ட பெண்கள் ஆண்களைவிடக் குறைவாக இருந்தார்கள். முன்பதிவு இல்லாமல் நேரே வரலாம் என்றாகி, செவிலியர்கள் தெருவுக்கே வந்தபிறகுதான் போன் தடையாக இல்லாமல் போனது.

ஆரோக்கிய சேதுவின் தடமறியும் வசதி நிறுத்தப்பட்டுவிட்டதாகவும், அதற்காகத் திரட்டிய தரவுகள் அழிக்கப்பட்டுவிட்டதாகவும் 2023இல் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அழித்தது சரிதான், அதைத்தான் கேட்டோம். வரலாறு படிப்பவளாக எனக்கு அடுத்த கவலை வந்துவிடுகிறது. லாக் ஆஸ்பத்திரி நடத்தியவர்கள் ஆண்டுதோறும் அறிக்கை எழுதி அச்சிட்டு வைத்தார்கள். அதனால்தான் ஓடிய பெண்களைப் பற்றி நமக்கு இவ்வளவாவது தெரிகிறது, அதிகாரியின் எரிச்சல் வழியாகவே என்றாலும். 2020இன் கணக்கில் பத்துக் கோடிப் போன்கள் இருக்கின்றன. மகனின் போனைக் காட்டி கேட்டைக் கடந்த அக்கா அதில் இல்லை. செவிலியர்களின் நோட்டுகள் சுகாதார நிலையங்களின் பின்னறைகளில் கட்டிக் கிடக்கலாம், பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கலாம். யார் வீட்டிலாவது, உறவிலாவது அந்த நோட்டோடு நடந்த பெண் ஒருவர் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் வாங்கி வையுங்கள் என்று மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை இரண்டு நோட்டுகள் வந்திருக்கின்றன. ஒன்றில் தெருவின் பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் பெயர், வயது, காய்ச்சல் உண்டு அல்லது இல்லை. கடைசிப் பத்தியில், அச்சிட்ட படிவத்தில் இடமே இல்லாத ஒன்றை அவர் தானாகக் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறார்: 'அரிசி இருக்கா'.